மாடன் சுருட்டுக்கு இரண்டு பூட்டு

அளக்கிற டேப்பின் ஒரு முனையைப் பூலோகத்தின் கையில் திணித்து, கடையோரமாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தார் வார்டு ஆபீஸ் இன்ஸ்பெக்டர் சாவந்த். பத்தடி போனதுமே சுடலைமாடன் பீடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்.

"நூறு கஜத்துக்குள்தான் இருக்கிறது," என்றார் ஹிந்தியில். "கடை பந்த்."

தன் கடையை மூடுவதற்குத் தானே டேப் பிடித்துக் கொடுத்திருக்கிறோம் என்று பூலோகத்துக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் டேப்பைக் கீழே போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டார். பூலோகத்துக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது தாராவியில் எல்லோருக்கும் தெரியும். சாவந்துக்குத் தெரியாது, பாவம்.

"எதுக்கு சாப் பந்த்? லைசென்ஸ் இருக்கு. ஒங்க ஆபீஸ்ல குடுத்ததுதான்."

பூலோகத்தின் ஹிந்தியில் பாதிக்கு மேல் அவர் ஊர்த் திசையன்விளைத் தமிழ். அந்த வட்டாரத்திலேயே வேலை பார்க்கும் சாவந்துக்கு அது பழகிவிட்டது. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நூறு கஜத்துக்குள் பீடி, சிகரெட், சுருட்டு, பொடி எதையும் விற்கக்கூடாது என்று வார்டு ஆபீசில் ஒரு ரூல் இருக்கிறதாம். வார்டு பூராவும் சந்துக்குச் சந்து கோயிலும் பீடிக்கடையும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கின்றன. அந்த ரூலை இதுவரை எந்தப் புண்ணியவானும் தூசி தட்டிப் பார்த்ததில்லை.

"இவ்வளவு நாள் எங்க போச்சு அந்த ரூலு?"

"இவ்வளவு நாள் யாரும் புகார் சொல்லவில்லை. இப்போது ஒருத்தன் நேரிலேயே வந்து சொல்லிவிட்டான்."

"எவன் அவன்?"

"பேர் சொல்லமாட்டோம். உன் ஆள்தான். மதராஸி."

மாடனின் கொடைத் திருவிழா முடிகிறவரை டைம் தருவதாகச் சொல்லிவிட்டு, பூலோகத்தின் காலுக்கு அடியிலிருந்து டேப்பை உருவிக்கொண்டு போனார் சாவந்த். தாராவியில் மதராஸியைத் தேடுவதென்றால் யாரை விடுவது, யாரைப் பிடிப்பது?

பூலோகத்தின் கடை பெரிய கடை ஒன்றும் இல்லை. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், காலை நீட்டமுடியாது. ஆனால் அந்தத் தடித்த கறுப்புச் சுருட்டு, ஊரிலிருந்து ரயில் பார்சலில் வருவது, பம்பாயில் வேறு எவனிடமும் கிடையாது. சுடலைமாடனுக்கு வருஷக் கொடை அன்றைக்கு அந்தச் சுருட்டைக் கட்டோடு கொளுத்திக் கொடுக்கவேண்டும். ஊரில் என்றால் சாராயமும் உண்டு. இங்கே மதுவிலக்கு என்று சொல்லி ஸ்டேட் சர்க்கார் அதைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. மாடன் சோடாவோடு சமாதானமாகி வருஷக்கணக்காகிறது. மிச்சம் இருந்தது சுருட்டு ஒன்றுதான். அதற்கும் இப்போது ஆள் வந்தாயிற்று.

"சாராயத்தைப் பிடுங்கினான், பொறுத்துக்கிட்டாரு. சுருட்டையும் பிடுங்கினா சாமி பம்பாய்ல எதுக்குவே இருக்கணும்?" என்று வருகிற கிராக்கியிடமெல்லாம் கேட்டார் பூலோகம்.

கோபம் தலைக்கு ஏறினால் யார்மீதாவது இறக்கியாகவேண்டும். எதிரில் டீக்கடை ஜமால்தான் அகப்பட்டார்.

"வேய் ஜமாலு, நீருதான போய்ச் சொன்னீரு?"

"ஒமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒம்ம கடையில பீடி வாங்குதவன்தான் என் கடையில டீ குடிக்கான். ஒம்ம கடையை மூடிட்டு நான் யாருக்கு டீ ஆத்துதது?"

நியாயமான பேச்சுத்தான். கோபத்தில் இருக்கிறவனுக்கு நியாயம் பேசினால் இன்னும் கொஞ்சம் ஏறும். வாய்ச்சண்டை முற்றி, அன்றிலிருந்து பூலோகத்துக்கு டீ கிடையாது என்று ஜமால் சொல்லிவிட்டார்.

"டீ குடிக்காட்டா செத்தாப் போவேன்?" என்றார் பூலோகம். மறுநாள் காலையிலேயே தலைவலி வந்துவிட்டது.

வீட்டில் சொர்ணம்மாள் தன் பங்குக்கு ஆரம்பித்தாள். "கடையை மூடிட்டா எதைத் தின்னுதது? ஊரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கீயளே, போய் அந்த இன்ஸ்பெட்டர் கால்ல விழுந்தாலாவது பிரயோசனம் உண்டு."

"ஏட்டி, காலில விழுத ஆளா நான்? அவன் ரூலை வெச்சே அவனை மடக்குதேன் பாரு."

மடக்கினார். வார்டு ஆபீசுக்குப் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாவந்த் முன்னால் நின்றார்.

"சாப், அது கோயிலே இல்ல. சும்மா ஒரு தூணு. கோபுரம் இருக்கா? கதவு இருக்கா? மணி இருக்கா? சுண்ணாம்பு அடிச்ச தூணு, அம்புட்டுத்தான்."

சாவந்த் யோசித்தார். "கோயில் இல்லையா?"

"கெடையவே கெடையாது."

"அப்படியானால் கடை இருக்கலாம்."

பூலோகம் மீசையைத் தடவிக்கொண்டார். சாவந்த் இன்னும் முடிக்கவில்லை.

"கோயில் இல்லையென்றால் அது முனிசிபாலிடி ரோட்டில் அனுமதி இல்லாமல் கட்டிய தூண். ஆள் அனுப்பி இடித்துவிடுகிறேன்."

பூலோகம் வீடு வந்து சேருவதற்கு முன்னால் சேதி வந்து சேர்ந்துவிட்டது. கொடைக் கமிட்டித் தலைவர் வெயிலுமுத்து, மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர், வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் பத்துப் பேரோடு கடைவாசலில் நின்றார்.

"மாடனைத் தூணுன்னு சொன்னீராமே?"

"கடையைக் காப்பாத்த ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"ஒம்ம கடையைக் காப்பாத்த சாமியை இடிக்கச் சொல்லிட்டு வந்திருக்கீரு. ஒம்மை என்ன செய்யலாம்? நீரே சொல்லும்."

அவரைச் சொல்லவிடவில்லை. அப்படியே நடத்திக் கூட்டிக்கொண்டு போய் வார்டு ஆபீசில் நிறுத்தினார்கள். அது கோயில்தான், பழைய கோயில், சக்தி உள்ள கோயில் என்று பூலோகமே தன் வாயால் சொல்லவேண்டியதாயிற்று. சாவந்த் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். கோயிலை இடிக்கவேண்டாம். கடை பந்த்.

திரும்பி வந்து உட்கார்ந்த பூலோகத்துக்குப் பல்லை நறநறவென்று கடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கடைப்பலகை ஓரத்தில் சுயம்பு வந்து உட்கார்ந்தான். தோல் பட்டறையில் வேலை செய்கிற ஒல்லி ஆள். மாடன் அவன்மேல்தான் வந்து ஆடுவார். சாதாரண நாளில் பீடி வாடைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன், கொடை அன்றைக்குக் கட்டுச் சுருட்டை வாயில் வைத்துச் சந்து தெரியாமல் ஊதித் தள்ளுவான். சாமி இல்லாமல் அது நடக்குமா என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மாடன் இறங்கின அசதியில் அப்புறம் சில நாள் பட்டறைக்குப் போகமாட்டான்.

"அண்ணாச்சி, பேசாம இந்தச் சுருட்டை விட்டுருங்களேன்," என்றான் சுயம்பு. "வெத்தலை, பாக்கு, முட்டாயி வித்தாலும் பொழைக்கலாம்லா."

"கொடைக்கு?"

"இந்தத் தடவை சுருட்டு இல்லாம நடத்துவமே. மாடன் ஒண்ணும் கோவிச்சுக்கிடமாட்டாரு."

"அது ஒமக்கு எப்படிவே தெரியும்? சாமி வந்தா என்ன நடக்கு ஏது நடக்குன்னு ஒண்ணுமே தெரியாதுன்னு வருசா வருசம் நீருதான சொல்லுதீரு."

சுயம்பு எழுந்து போய்விட்டான். தனக்கு ஆறுதல் சொல்லக்கூட ஆளில்லை என்று பூலோகத்துக்கு அதிலும் ஒரு கோபம்.

அப்போதுதான் மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் வந்தார். கோட்டைப் பக்கம் ஒரு வக்கீல் கம்பெனியில் குமாஸ்தா. பொடி மட்டை வாங்கப் பூலோகம் கடைக்குத்தான் நடந்து வருவார், மற்ற கடைப் பொடி அவர் மூக்குக்கு ஒத்துவராது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓய் பூலோகம், கார்ப்பரேஷனுக்கு இதில அதிகாரமே கிடையாது. புகையிலை யார் விக்கலாம், எங்கே விக்கலாம்கறதெல்லாம் ஸ்டேட்டோட விஷயம். ஸ்டேட் கைவெச்ச எடத்துல இந்த வார்டு ஆபீஸ்காரா தனி ரூல் போட்டா அது செல்லாது."

"செல்லாதா சாமி?"

"செல்லவே செல்லாது. நான் மனு எழுதித் தர்றேன். நேரா ஸ்டேட் ஆபீசுக்குப் போம். 'எனக்கு லைசென்ஸ் கொடுக்கவோ கடையை மூடவோ வார்டு ஆபீசுக்கு அதிகாரமில்லை'ன்னு போட்டுடறேன். அந்த சாவந்த் வாயைத் திறக்கமாட்டான்."

பூலோகத்துக்கு அன்று ராத்திரி சோறு இறங்கியது.

ஸ்டேட் ஆபீசில் ஜோஷி என்று ஓர் ஆபீசர். மனுவைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வார்டு ஆபீசா? புகையிலை விஷயத்தில் தலையிட அவர்கள் யார்? குப்பை அள்ளட்டும், சாக்கடை தோண்டட்டும்."

"அதைத்தான் சாப் நானும் சொல்லுதேன்."

"இங்கே எங்கள் அதிகாரம் மட்டும்தான்."

"ஒங்க அதிகாரம் மட்டும்தான் சாப்."

இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடித்துப்போனது. பூலோகம் கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ஜோஷி சாவதானமாகக் கேட்டார்.

"உன் ஸ்டேட் லைசென்ஸ் எங்கே?"

"ஸ்டேட் லைசென்ஸா? என்கிட்ட வார்டு ஆபீஸ் லைசென்ஸ்தான் இருக்கு."

"அது செல்லாது என்று நீயே எழுதிக் கொண்டுவந்திருக்கிறாயே. அப்படியானால் இத்தனை வருஷமும் லைசென்ஸ் இல்லாமல்தான் வியாபாரம் செய்திருக்கிறாய்."

இப்படியும் ஒரு அநியாயம் உண்டா? மூடச்சொன்ன ஆபீஸ் ஒன்று இருந்தது, இப்போது இரண்டு. சொந்தக் காலில் நடந்துபோய், சொந்தக் கையால் கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதித்த வினை. அதுவும் மனு எழுதிக்கொடுத்த மனுஷனுக்கு ஒரு மட்டை பொடி இனாம்.

மறுநாள் கடையைப் பார்த்து லைசென்ஸ் தரலாமா என்று முடிவு செய்ய ஜோஷியே வந்தார். பீடி வாங்குகிறவர்கள் யார், சிகரெட் வாங்குகிறவர்கள் யார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், சுருட்டில் வந்து நின்றார்.

"இதை வாங்குகிறவர்கள்?"

பூலோகம் உள்ளதைச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "பாதி சாமிக்கு."

"எந்த சாமி? முழுப்பெயர்?"

பூலோகம் பீடத்தைக் காட்டினார். ஜோஷி பீடத்தைப் பார்த்தார், சுருட்டைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த ரூல் புத்தகத்தைப் பார்த்தார்.

"இந்தக் கடைக்குத் தரக்கூடியது மனித உபயோகத்துக்கான லைசென்ஸ். மனிதரல்லாத உபயோகத்துக்கு விற்றால் அதற்குத் தனி வகை இருக்கிறது."

"என்ன வகை?"

"பூச்சி மருந்து. வயலுக்குத் தெளிப்பதற்கு விற்கும் புகையிலை. மனிதருக்கு இல்லையென்றால் எங்களிடம் அது ஒன்றுதான்."

"ஏலே, எங்க மாடன் பூச்சியா? பூச்சியா? ஏ வெயிலுமுத்து அண்ணாச்சி, இங்க வாங்க, இந்த ஆளு சொல்லுததைக் கேளுங்க," என்று தமிழில் கத்தினார் பூலோகம். சந்தில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஜோஷிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கூட்டம் எந்த பாஷையிலும் கூட்டம்தான். லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

கொடைக்கு முந்தின நாள். வேங்கடசுப்ரமணியனிடம் கடைசி யோசனை ஒன்று இருந்தது.

"ரெண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்திடும் ஓய். அதிகாரம் யாருக்குன்னு அந்த எடத்துலயே தீர்ந்துடும். அதிகாரம் உள்ளவன் ஒருத்தன்னு ஆயிட்டா அவன்கிட்ட மட்டும் பேசினாப் போறும்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அவரே டெலிபோன் செய்து இரண்டு பேரையும் வரவழைத்தார். கடையின் இந்தப் பக்கம் சாவந்த், அந்தப் பக்கம் ஜோஷி. நடுவில் பூலோகம்.

"இந்தக் கடையை மூட வார்டு ஆபீசுக்கு அதிகாரமில்லை," என்றார் ஜோஷி.

பூலோகத்துக்கு வாயெல்லாம் பல்.

"மூடுகிற அதிகாரம் எனக்குத்தான்," என்று முடித்தார் ஜோஷி.

"இது என் வார்டு. இங்கே ஸ்டேட் வந்து கடையை மூடுவதா? நான்தான் மூடுவேன்," என்றார் சாவந்த்.

"நீங்கள் மூடினால் செல்லாது."

"நீங்கள் மூடிப்பாருங்கள், தெரியும்."

ஜோஷி பையிலிருந்து பூட்டை எடுத்தார். பலகையை இழுத்துச் சாத்திப் பூட்டி, அரக்கு வைத்து முத்திரை குத்தினார். சாவந்த் விடுவாரா? அதற்குமேலே இன்னொரு பூட்டுப் போட்டு, அவருடைய அரக்கை வைத்தார். ஸ்டேட் பூட்டைத் திறந்தால்தான் நான் திறப்பேன் என்றார் ஒருவர். வார்டு பூட்டைத் திறக்காமல் நான் தொடமாட்டேன் என்றார் மற்றவர்.

வேங்கடசுப்ரமணியன் மெய்ம்மறந்து நின்றார். "பிரமாதமான கேஸ் ஓய். ஹைகோர்ட் வரைக்கும் போகும்."

"என் கடை?"

"அதுவும் போகும்." சொல்லிவிட்டு மூக்கைத் தடவிக்கொண்டார். "போறச்சே ஒரு மட்டை பொடி..."

"உள்ள இருக்கு," என்றார் பூலோகம்.

அப்போதுதான் அந்த மனிதருக்கு முகம் சுண்டியது. மாட்டுங்கா வரைக்கும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே போனார்.

சொர்ணம்மாள் பூட்டிய பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கொடைச் சுருட்டும் உள்ள, நம்ம சோறும் உள்ள. நாளைக்கு மாடன் கேப்பாரு, என்ன சொல்லப்போறீய?"

பூலோகம் பூட்டை ஒரு தடவை இழுத்து ஆட்டிப் பார்த்தார். சாவந்த்மேல் கோபம், ஜோஷிமேல் கோபம், சட்டம் பேசிய ஐயர்மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே, ஆபீசுக்குப் போய்ப் புகார் சொன்ன அந்த முகம் தெரியாதவன்மேல் கோபம். அவன் ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இது எதுவுமே இல்லை. அவனுக்குச் சாபம் கொடுத்துக் கொடுத்து அவருக்கு நாக்கு வறண்டுபோயிற்று.

மறுநாள் மத்தியானக் கொடை. மேளம் பிளந்து கட்டியது. சந்து கொள்ளாத கூட்டம். சாவந்தும் வந்திருந்தார், ஜோஷியும் வந்திருந்தார். சாமி கும்பிட இல்லை, தன் பூட்டை மற்றவர் உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள.

சுயம்புமேல் மாடன் வந்துவிட்டார். இடுப்பில் கட்டிய சல்லடம் குலுங்கக் குலுங்க ஆடி, சோடாவை வாங்கிக் குடித்து, அடுத்து கையை நீட்டினார். அடுத்து என்ன வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இந்த வருசம் சுருட்டு இல்ல சாமி, பொறுத்துக்கிடணும்," என்று வெயிலுமுத்து கும்பிட்டார். சொல்லும்போதே திரும்பிப் பூலோகத்தை ஒரு பார்வை பார்த்தார். கூட்டமே பார்த்தது. மாடனுக்குச் சுருட்டு இல்லாமல் ஆக்கியவன் இவன்தான் என்று ஒவ்வொரு கண்ணும் சொன்னது.

பூலோகத்துக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தேங்காய் உடைக்க வைத்திருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு கடையைப் பார்த்து நடந்தார்.

"அது சர்க்கார் பூட்டு, தொடாதே," என்றார் ஜோஷி.

ஒரே போடு. சர்க்கார் பூட்டு கீழே விழுந்தது.

சாவந்துக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடியும் முன்னால் வார்டு பூட்டும் விழுந்தது.

"இனி இந்த ஜென்மத்தில் உனக்கு லைசென்ஸ் கிடையாது," என்றார் ஜோஷி.

"எங்களிடமும் கிடையாது," என்றார் சாவந்த். இருவரும் முதல்முறையாக ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையாட்டிக்கொண்டார்கள்.

பூலோகம் காதில் வாங்கவில்லை. உள்ளே கைவிட்டுக் கொடைச் சுருட்டுக் கட்டை எடுத்தார். தானே கொளுத்தினார். புகை கக்க அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து மாடன் முன்னால் போய் நின்றார். அவர் கண்ணில் தண்ணீர், புகையினாலும் இருக்கலாம்.

"மாடா, ஒனக்காக என் கடையைத் தொலைச்சிட்டேன். நாளைக்கு என் வீட்டுல அடுப்பு எரியாது. அதுக்கு நான் உன்னை ஒண்ணும் கேக்கல. ஆபீசுக்குப் போய்ச் சொல்லி என்னை நடுத்தெருவில விட்ட அந்தப் பயல் யாரு? இந்தச் சபையில இப்பமே அவனைக் காட்டு. அவனை நீ சும்மா விடக்கூடாது."

மாடன் கையை உயர்த்த, மேளம் நின்றது. சுருட்டுக்கட்டை வாங்கி, வாய்வரைக்கும் கொண்டுபோய், அப்படியே நிறுத்தினார். பிறகு மெல்லக் குனிந்து பூலோகத்தின் காதோரம் வந்தார். ஆட்டமும் இல்லை, மாடன் குரலும் இல்லை.

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி, போய்ச் சொன்னது நாந்தான், மாடன் ஒரு நாள் ஊதிட்டுப் போயிருதாரு, பொறவு வருசம் பூரா இருமிக்கிட்டுக் கெடக்கது நான்லா."